வெள்ளைத்தாய் பெயரில் எடுத்த ரத்தம்

இசபெல் ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. சாத்தூர் சாலையில் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியில் அவர் நர்சாகச் சேர்ந்தபோது தீக்காயப் பிரிவில் போட்டார்கள். புதிதாக வருகிறவர்களை அங்கேதான் போடுவார்கள். அதைத் தாங்கியவர் எதையும் தாங்குவார் என்பது மூத்தவர்களின் எண்ணம். இசபெல் தாங்கினார். அதற்காக அவரைத் தைரியசாலி என்று யாரும் சொன்னதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. காலையில் வந்து கட்டைப் பிரித்தார், கழுவினார், கட்டினார், மாலை பஸ்ஸில் விருதுநகர் திரும்பினார். கணவர் சாலமன்ராஜ் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் உலை கொதித்திருக்கும். ஒரு வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் செலவாகிறது.

பட்டாசு ஊர்களில் ஆபத்துக்குச் சத்தம் உண்டு. சத்தம் கேட்டதும் எந்தத் திசை என்று விசாரித்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரை வாசலுக்குத் தள்ளுவார்கள். எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை அந்தச் சத்தம் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்தது. அதனாலேயே, சத்தமில்லாமல் வருகிற ஒன்றுக்கு அஞ்ச யாருக்கும் தெரியவில்லை. உள்ளே புற்று முற்றி, வயிறு வீங்கி, உடம்பு பாதியாகி, பார்க்க வேண்டிய சாமியை எல்லாம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அவர்களுக்காக இசபெல் செய்ய முடிந்தது படுக்கை விரிப்பை மாற்றுவதும் வாயை ஈரப்படுத்துவதும்தான்.

அதனால்தான் தலைமை மருத்துவர் ஜெபசுந்தர் புதிய ரத்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தபோது இசபெல் எதிர்க்கவில்லை. பட்டாசுக் கம்பெனிகளில் வேலை அட்டை பெற்ற தொழிலாளர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும், சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கிற கையோடு இதற்கும் இரண்டு குழாய் எடுக்க வேண்டும். உடம்பில் எங்காவது புற்று தொடங்கியிருந்தால் அதன் மரபணுத் துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும். பெங்களூரில் ஓர் ஆய்வகம் அவற்றைத் தேடிப் பார்த்துச் சொல்லும். செலவை ஓர் அறக்கட்டளை ஏற்றிருந்தது.

“இது நோயைச் சொல்லாது சிஸ்டர். எங்கே தேடணும்னு சொல்லும்” என்றார் ஜெபசுந்தர். “இருக்கலாம்னு வர்றவங்கள்லயே, தேடிப் பாத்தா பாதிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது.”

“அந்தப் பாதிப் பேரு தேடி முடிக்கிற வரைக்கும் தூங்குவாங்களா டாக்டர்?”

“மீதிப் பேரு பிழைப்பாங்களே.”

அதை அவர் உறுதியோடு சொன்னதாக இசபெல்லுக்குத் தோன்றவில்லை. முன்கூட்டி அறிவது நல்லது என்பது நிரூபிக்க வேண்டாத உண்மை போலத் தெரியும். அறிந்தபின் செய்வதற்கு ஏதாவது இருக்கிறவர்களுக்கு மட்டுமே அது உண்மை.

பங்குனியில், தாயில்பட்டிக்கு அருகில் ஒரு கம்பெனியில் முகாம் போட்டார்கள். வேப்ப மரத்தடியில் மேசை. போர்மேன் காசிராஜன் நின்றுகொண்டு பெயர் பெயராகக் கூப்பிட்டார். புஸ்வாணக் குழாயில் மருந்து அடைக்கிற பெண்கள் வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்தார்கள். தலையில் துணி, முகத்திலும் கையிலும் அலுமினியத் தூள். பஞ்சை எடுத்துத் துடைத்தால் பஞ்சு வெள்ளியாக வந்தது. மூன்று தடவை துடைத்த பிறகே தோலின் நிறம் தெரிந்தது.

“சிஸ்டர், ரத்தம் செவப்பா வருதா வெள்ளியா வருதான்னு பாருங்க” என்றார் ஒரு பெண்.

“இவ ரத்தத்தைப் பாத்து எடுங்க சிஸ்டர், பத்திக்கிடும்” என்றார் அடுத்தவர்.

“கம்பெனி உறிஞ்சுனது போக மிச்சம் இருந்தாத்தானே எடுப்பாக.”

“ஏளா, வாய மூடிக்கிட்டுக் கைய நீட்டுங்க” என்று காசிராஜன் அதட்டினார். “வெள்ளைத்தாய்! வெள்ளைத்தாய் எங்கன?”

கூப்பிட்ட குரலுக்குப் பதிலாக “ஏன்” என்று ஒரு பெண் முன்னால் வந்தார். அட்டையைக் காட்டினார். பெயர் என்ன என்று இசபெல் கேட்டார்; வெள்ளைத்தாய் என்றார். வயதைச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். அட்டையில் இருந்த படம் பல வருடம் பழையது, ஈரம் பட்டு உப்பியது. முகம் பார்த்து ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் இசபெல்லுக்கு வரவில்லை. வந்திருந்தாலும், அந்த மரத்தடியில் எல்லா முகமும் ஒரே வெள்ளிதான்.

சில வாரங்களில் முடிவுகள் வந்தன. அன்றைக்கு எடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் அறிகுறி இருப்பதாகச் சொல்லியிருந்தது. வெள்ளைத்தாய். சினைப்பையில் தேடிப் பார்க்கவும்.

ஜெபசுந்தர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். குளித்து, தலைவாரி, வெளுத்த பச்சைச் சேலையில் வந்த பெண்ணை இசபெல்லுக்கு அடையாளம் தெரியவில்லை. தூளைக் கழுவிவிட்டு வந்தால் யாரையும் தெரியாது என்பதால் அதை அவர் பெரிதாக எண்ணவில்லை. ஜெபசுந்தர் பொறுமையாக விளக்கினார். பயப்பட வேண்டாம், இது நோய் என்று அர்த்தமில்லை, மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளைத்தாய் கேட்டது ஒரே கேள்விதான்.

“பேரு என் பேருதானா சார்?”

“ஆமா. வெள்ளைத்தாய்னுதான் வந்திருக்கு.”

வெள்ளைத்தாய் முந்தானை நுனியைத் திருகினார். பிறகு, “அப்ப நானே போயிட்டு வந்திருதேன்” என்றார்.

அவர் போனபின் ஜெபசுந்தர், “நல்ல தைரியம்” என்றார். இசபெல்லும் அப்படித்தான் நினைத்தார்.

மதுரைக்கு இசபெல் துணைக்குப் போனார். வயிற்றின் ஸ்கேன், வேறு சில சோதனைகள். ஒன்றுமில்லை. சினைப்பை இரண்டும் சுத்தம். திரும்பும் பஸ்ஸில் வெள்ளைத்தாய்க்கு வாய் ஓயவில்லை. தூள் நெஞ்சில் இறங்கி வாரம் முழுக்க உட்கார முடியாமல் போனது, தன் தம்பி குடும்பம் எதிர் வீட்டிலேயே இருப்பது, தம்பி மகள் ஓவியா நர்சிங் படிக்க ஆசைப்படுவது.

“பேரு சுத்தமாயிருச்சு சிஸ்டர்” என்றார் இறங்கும்போது.

இசபெல்லுக்கு அது விநோதமான வார்த்தையாகப் பட்டது. ஆனால் முழங்கால் வலித்தது, பஸ் மாற வேண்டியிருந்தது. அவர் மேலும் யோசிக்கவில்லை. அந்தப் பாதிப் பேரில் ஒருவர் என்று ஜெபசுந்தரும் எழுதி வைத்தார். மூன்று மாதம் கழித்து ரத்தத்தை மறுபடி எடுத்துப் பார்ப்பது முறை.

மூன்று மாதம் கழித்து, ஆனி மாதத்தில், வெள்ளைத்தாய் வந்தார். இசபெல் கையில் பட்டையைக் கட்டி, ஊசியை ஏற்றி, முதல் குழாயை நிரப்பினார். இரண்டாவது குழாயை எடுத்தபோது வெள்ளைத்தாய் பதறினார்.

“இன்னொண்ணுமா? அம்புட்டுமா எடுக்கீக?”

“போன தடவையும் ரெண்டுதானே எடுத்தேன்.”

வெள்ளைத்தாய் வாயைத் திறந்து மூடினார். இசபெல் இரண்டாவது குழாயை நிரப்பி, பஞ்சை வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளைத்தாயி. போன தடவை உங்களுக்குத்தானே எடுத்தேன்?”

“அன்னைக்கு அவ நாளு சிஸ்டர்.”

“எவ நாளு?”

“குருவம்மா. என் தம்பி பொண்டாட்டி.”

மருந்து அடைக்கிற ஒரு அறைக்கு நான்கு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். அதனால் அட்டைகள் கணக்காகத்தான் இருக்கும், புதிதாகக் கிடைக்காது. வெள்ளைத்தாய்க்கு நெஞ்சு ஒத்துழைக்கவில்லை. குருவம்மாளுக்கு அட்டை இல்லை. வாரத்தில் மூன்று நாள் இவர், மூன்று நாள் அவர் என்று ஒரே அட்டையில் பல வருடமாக வேலை பார்க்கிறார்கள். அந்தக் கம்பெனியில் இப்படி இவர்கள் மட்டும் இல்லை. பதில் ஆளாக வருகிறவர் வாசலுக்குள் நுழைந்ததும் அட்டைக்காரியின் பெயருக்கு ‘ஏன்’ சொல்ல வேண்டும். அவள் வயதைச் சொல்ல வேண்டும், அவள் கையெழுத்தைப் போட வேண்டும். பதில் ஆள் குழாயைச் சரியாக அடைக்காவிட்டால் மறுநாள் திட்டு அட்டைக்காரிக்கு. அதை வாங்கிக்கொள்வதும் வழக்கம்.

“ரிசல்ட்டு என் பேருக்கு வந்துச்சு. அப்ப நாந்தானே போகணும்? அதான் போனேன்” என்றார் வெள்ளைத்தாய். “மதுரையில ஒண்ணுமில்லன்னு சொன்னாகள்லா. அதோட ரெண்டு பேருக்கும் தீந்துச்சுன்னு இருந்தேன்.”

இந்தப் பெண்ணிடம் பொய் எதுவும் இல்லை. பெயருக்கு வந்ததைப் பெயருக்கு உரியவர் போய்த் தீர்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு பெயருக்கு ஒரு உடம்பு என்பதை ஆஸ்பத்திரி சொல்லாமலே எடுத்துக்கொண்டது. இந்தப் பெண்கள் வாழ்கிற இடத்தில் அப்படி ஒரு விதி இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பெங்களூருக்கோ மதுரைக்கோ தோன்றாதது இருக்கட்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த தனக்கும் தோன்றவில்லையே என்றுதான் இசபெல் நினைத்தார். மூன்று மாதம் போய்விட்டது.

“குருவம்மாளுக்கு இப்ப எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கா. வயிறு உப்புசம்ங்கா. சாப்பாடு இறங்கலங்கா. சீசன் வேலையில எவளுக்குத்தான் சாப்பாடு இறங்குது?”

ஜெபசுந்தரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அந்தம்மாவுக்கு அட்டை இல்ல. அறக்கட்டளை பணத்துல செய்ய முடியாது. மதுரை அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன், அங்க பாத்துடலாம்” என்றார். “ஆனா ரத்தம் மாறிப்போச்சுன்னு நான் எழுதாம இருக்க முடியாது சிஸ்டர்.”

“எழுதினா கம்பெனிக்குப் போகும்.”

“போகும்.”

“ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்.”

“வேற வழி இருந்தா சொல்லுங்க.”

மதுரைக்கு எழுதச் சீட்டை அவர் பக்கம் தள்ளினார் இசபெல்.

மறுநாள் வெள்ளைத்தாயோடு தாயில்பட்டிக்குப் போனார். கம்பெனிக்கு விடுமுறை நாள். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தவர் இசபெல்லைப் பார்த்ததும் நிமிர்ந்தார். மெலிந்த தோள்கள், சேலைக் கட்டுக்குக் கீழே வயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது. மரத்தடியில் ஊசி ஏற்றிய கை இதுதான். இப்போதும் இசபெல்லுக்கு அடையாளம் தெரியவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னார். குருவம்மாள் கையிலிருந்த சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

“வலி இல்லையே சிஸ்டர். வலி இல்லாம என்ன நோவு?”

“வலி வர்றதுக்கு முந்தியே பாத்துரணும். அதுக்குத்தான் இந்த டெஸ்ட்டு.”

“முந்தி பாத்து?”

“ஆபரேசன் பண்ணலாம். இப்பன்னா பண்ணலாம். பொறவுன்னா தெரியாது.”

“தீவாளி முடியட்டும். லோடு போயிட்டா வேலை இல்ல. ஒரு மாசம் கம்பெனி அடைப்பு. அப்ப வாரேன்.”

“அம்புட்டு நாள் தாங்காது குருவம்மா.”

“தாங்காதுன்னு உங்க ஊசி சொல்லுதா?” அவர் குரல் உயர்ந்தது. “நான் வந்து என் பேரைச் சொல்லிப் படுத்தா, மறுநாளே காசிராஜன் அட்டையப் புடுங்குவான். மதினிக்கும் இல்ல, எனக்கும் இல்ல. எம் பிள்ளையப் படிக்க வைக்கது அந்த மூணு நாளு கூலிதான். நான் வரல சிஸ்டர். நீங்க காபி குடிச்சிட்டுப் போங்க.”

வற்புறுத்துவதற்கான சொற்கள் இசபெல்லிடம் இருந்தன. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரிடம் சொன்னவை. உயிர் முக்கியம், பிள்ளையை நினைத்துப் பார் என்பவை. ஆனால் எதிரே இருந்தவர் பிள்ளையை நினைத்துத்தான் மறுக்கிறார். இசபெல் காபியைக் குடித்துவிட்டு வந்தார்.

அடுத்து நடந்ததை வெள்ளைத்தாய்தான் பிறகு சொன்னார். மறுநாள் காலையில் கம்பெனி வாசலில், எல்லோரும் உள்ளே போகிற நேரத்தில், அவர் காசிராஜன் முன்னால் போய் அட்டையை நீட்டியிருக்கிறார்.

“என்னளா? எதுக்கு இதைக் கொண்டாந்து நீட்டுதே?”

“வெச்சுக்கோங்க. ரெண்டு பேரு வேல பாத்த அட்ட இது. இனி ஒருத்தரும் பாக்கல.”

“கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? மெதுவாப் பேசு. எனக்கென்ன தெரியாதா? பேசாம உள்ள போ.”

“உங்களுக்குத் தெரியும்ணே. ஆசுபத்திரிக்குத் தெரியல. அதுதான் இம்புட்டுக்கும் காரணம்.”

அட்டையை அவர் மேசையில் வைத்துவிட்டு நடந்திருக்கிறார். நேரே குருவம்மாள் வீட்டுக்கு. இசபெல் சொல்லி அவர் செய்யவில்லை. சொல்லியிருந்தால் செய்திருப்பாரா என்பதும் சந்தேகம். மூன்று மாதமாகத் தன் பெயரால் ஒரு நோயை மறைத்து வைத்திருந்தோம் என்ற எண்ணம் அவருக்குள் வேலை செய்திருக்கலாம். அல்லது நெஞ்சு ஏற்கெனவே களைத்துப் போயிருக்கலாம். மனிதர்கள் ஒரு காரியத்தை ஒரே காரணத்துக்காகச் செய்வதில்லை.

அன்று மத்தியானம் இசபெல் மறுபடி தாயில்பட்டிக்குப் போனபோது தெரு முனையிலேயே சத்தம் கேட்டது.

“யாரைக் கேட்டுக் குடுத்தீக? பாதி அட்ட என்னது மதினி! மூணு நாளு என்னது!”

“பாதி நோவும் என்னதா இருந்தா பாதி அட்டய உனக்கு வெச்சிருப்பேன். முழுசும் உங்கிட்டல்லா இருக்கு.”

“நோவுன்னு யாரு பாத்தா?”

“பாக்கத்தான் கூப்பிடுதாக. இப்ப உனக்கு வேல இல்ல. என்ன சாக்குச் சொல்லுவே, சொல்லு பாப்போம்.”

குருவம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது நோயை நினைத்த அழுகை என்று சொல்ல முடியாது. அழுது முடித்து, முகத்தைக் கழுவி, இசபெல்லைப் பார்த்து, “நாளைக்கு எத்தன மணிக்குப் பஸ்ஸு?” என்று கேட்டார்.

மதுரை அரசு ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் இடது சினைப்பையில் கட்டி தெரிந்தது. கொஞ்சம் நீரும் சேர்ந்திருந்தது. தொடக்கத்திலேயே என்று சொல்ல முடியாது, முற்றிவிட்டது என்றும் சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த மருத்துவர். மூன்று மாதத்துக்கு முன் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இசபெல் கேட்டார். அதை யாரும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. நேர்மையான பதில்தான். அது யாருக்கும் உதவவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததைச் சொன்னபோது ஜெபசுந்தர் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் தெரிந்தது.

“அப்போ டெஸ்ட்டு சரியாத்தான் சொல்லியிருக்கு சிஸ்டர். நாமதான் ஆளை மாத்திட்டோம்.”

“அந்தக் கம்பெனியில மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்கோமே டாக்டர். அது யார் யாருக்குச் சொன்னோம்?”

ஜெபசுந்தர் அந்த வெளிச்சத்தை அணைத்துக்கொண்டார். எல்லோருக்கும் மறுபடி எடுப்பது என்று முடிவானது. ஆனால் அதற்குள் வெள்ளைத்தாயின் அட்டை போன கதை பட்டாசு ஊர்கள் முழுக்கப் பரவியிருந்தது. இரண்டாவது முகாமில் காசிராஜன் அட்டைக்காரர்களை மட்டும் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். படத்தோடு ஒத்துப்போகிற முகங்கள் வரிசையில் வந்தன. யாரும் வேடிக்கை பேசவில்லை. பதில் ஆள் யாராவது உண்டா, அவர்களுக்கும் எடுக்கிறோம், பெயர் வெளியே போகாது என்று ஒவ்வொருவரிடமும் இசபெல் தாழ்ந்த குரலில் கேட்டார். அப்படி யாரும் இல்லை சிஸ்டர் என்றார்கள் எல்லோரும். குழாய்களில் இப்போது பெயர் சரியாக இருந்தது. அட்டை இல்லாதவர்களையும் சேர்க்க வேண்டும் என்று ஜெபசுந்தர் அறக்கட்டளைக்கு எழுதினார். இதுவரை பதில் இல்லை.

ஆபரேஷன் முடிந்த வாரத்தில் இசபெல் மதுரைக்குப் போனார். நீண்ட வார்டு, மின்விசிறிகள் மேலே சுற்றின, காற்று கீழே வரவில்லை. குருவம்மாள் கண்ணைத் திறந்து படுத்திருந்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் வெள்ளைத்தாய் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.

“உண்மையச் சொல்லுங்க சிஸ்டர். நான் பொழச்சுக்கிடுவேனா?”

“பொழைக்க வழி இருக்குன்னுதான் சொல்லுதாக. உறுதியா யாரும் சொல்ல மாட்டாக.”

“பொழச்சு?”

இசபெல் அவரைப் பார்த்தார்.

“பொழச்சு ஊருக்குப் போனா எங்கன போயி வேல பாக்க? ஓவியாவுக்குப் பீஸு யாரு கட்டுவா? அதையும் ஒரு டெஸ்ட்டு எடுத்துப் பாத்துச் சொல்லுங்களேன்.”

இசபெல் குளுக்கோஸ் சொட்டுகிற வேகத்தைச் சரிபார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது.

“மொதல்ல பொழ” என்றார் வெள்ளைத்தாய், தலையைத் தூக்காமல். “பொறவு சண்டை போடுவோம்.”

குருவம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, திரும்பாமலே, கையை மட்டும் பின்னால் நீட்டினார். வெள்ளைத்தாய் ஒரு சுளையை அந்தக் கையில் வைத்தார்.